பழைய டீசல் டிரக்கை மாற்ற மானியம்: டாலஸ் பக்கம் சிறுதொழில் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மளிகை மொத்த வியாபாரம், கேட்டரிங், காய்கறி சப்ளை என்று டாலஸ், ஃபோர்ட் வொர்த் சுற்று வட்டாரத்தில் சொந்த டிரக் வைத்துத் தொழில் செய்யும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டீசல் செலவையும் ஒர்க்‌ஷாப் பில்லையும் பார்த்துவிட்டு, "மின்சார டிரக்குக்கு அரசாங்கம் பணம் தருகிறதாமே?" என்று என்னிடம் கேட்பவர்களும் அதிகம். தருகிறார்கள். ஆனால் அந்தப் பணம் எந்த வாசல் வழியாக வருகிறது, எந்தக் காகிதத்தை எப்போது கையில் வைத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் ஒரே இடத்தில் உட்காரவைத்துச் சொல்வதில்லை. எங்கள் கிடங்கின் பாக்ஸ் டிரக்குக்காக அலைந்தபோது நான் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் வண்டி பார்ப்பது கடைசி. முதலில் கூட்டணி, அடுத்து கணக்கு வழக்கு, பிறகு மின் இணைப்பு. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் ஆர்டர்.

1. முதல் போன் டீலருக்கு வேண்டாம்

அமெரிக்க எரிசக்தித் துறை 1993 முதல் கிளீன் சிட்டீஸ் என்ற திட்டத்தை நடத்துகிறது. இப்போது அதன் பெயர் கிளீன் சிட்டீஸ் அண்ட் கம்யூனிட்டீஸ். நாடு முழுக்க 75-க்கும் மேற்பட்ட வட்டாரக் கூட்டணிகள் அதில் இருக்கின்றன. நகராட்சி, பள்ளி மாவட்டம், மின் நிறுவனம், எரிபொருள் விற்பவர், வண்டி வைத்திருப்பவர் எல்லோரும் ஒரே மேசையில் உட்காரும் அமைப்பு. போக்குவரத்தில் பெட்ரோல், டீசல் பயன்பாட்டைக் குறைப்பதே வேலை. மின்சாரம் மட்டும்தான் என்று கிடையாது. புரொப்பேன், சிஎன்ஜி, பயோடீசல், எத்தனால் எல்லாமே அவர்கள் வரம்புக்குள் வரும்.

நம் பகுதிக்கு டாலஸ்-ஃபோர்ட் வொர்த் கிளீன் சிட்டீஸ். ஆர்லிங்டனில் உள்ள நார்த் சென்ட்ரல் டெக்சஸ் கவுன்சில் ஆஃப் கவர்ன்மென்ட்ஸ் அலுவலகம்தான் இதை நடத்துகிறது. 16 கவுண்டிகள் அதன் எல்லை. ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் இருப்பவர்களுக்குத் தனித்தனிக் கூட்டணிகள் உண்டு. எரிசக்தித் துறையின் ஆல்டர்னேடிவ் ஃப்யூவல்ஸ் டேட்டா சென்டர் தளத்தில் வரைபடத்தோடு பட்டியல் இருக்கிறது.

இந்தக் கூட்டணி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ.வின் டீசல் மானியத்துக்கு (டெரா என்பார்கள்) உங்கள் கம்பெனி நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. வட்டார, மாநில, உள்ளாட்சி அமைப்புகளும் சில லாபநோக்கற்ற அமைப்புகளும்தான் விண்ணப்பிக்கலாம். அவர்கள் வாங்கி, உள்ளூரில் விண்ணப்ப அழைப்பு விட்டு, நம்மைப் போன்றவர்களுக்குப் பிரித்துத் தருகிறார்கள். அந்த அழைப்பு எப்போது திறக்கும், அடுத்து என்ன வரப்போகிறது என்பது கூட்டணியின் ஒருங்கிணைப்பாளருக்குத்தான் முன்கூட்டித் தெரியும். அவரோடு பேசக் கட்டணம் கிடையாது. மின்னஞ்சல் பட்டியலில் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்துவார்கள். அதையும் நிரப்பிக் கொடுங்கள்.

கூட்டங்களுக்குப் போனால் விற்பனையாளர்களும் வந்திருப்பார்கள். அவர்களும் கூட்டணி உறுப்பினர்களே. விசிட்டிங் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், கையெழுத்து எதுவும் போடாதீர்கள்.

2. உங்கள் வண்டி எந்த வகுப்பு?

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் சரக்கோடு சேர்த்து வண்டி தாங்கும் உச்ச எடை பவுண்டில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 14,001 முதல் 16,000 வரை 4-ஆம் வகுப்பு. 16,001 முதல் 19,500 வரை 5-ஆம் வகுப்பு. 26,000 வரை 6-ஆம் வகுப்பு.

டெரா பணம் சாலையில் ஓடும் வண்டிகளில் 5 முதல் 8-ஆம் வகுப்பு டீசல் வண்டிகளுக்குத்தான். டெலிவரிக்கு வைத்திருக்கும் பெட்ரோல் வேன் இதில் வராது. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பாக்ஸ் டிரக்குகளில் ஒன்று 4-ஆம் வகுப்பாகவும் மற்றது 5-ஆம் வகுப்பாகவும் இருக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் ஸ்டிக்கரைப் படம் எடுத்துவிடுங்கள்.

அப்படியே எஞ்சினையும் பாருங்கள். எஞ்சின் மேலோ அதன் மூடியிலோ புகைக் கட்டுப்பாட்டு லேபிள் ஒட்டியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்து எழுத்தே தெரியாது. ஒரு பழைய துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் படம் எடுங்கள். எஞ்சின் தயாரான ஆண்டு, குதிரைத் திறன், 12 எழுத்தும் எண்ணும் கலந்த எஞ்சின் குடும்பப் பெயர், இந்த மூன்றும் விண்ணப்பத்தில் கேட்கப்படும். வண்டியின் மாடல் ஆண்டும் எஞ்சின் ஆண்டும் வேறாக இருக்கலாம். டைட்டிலை (வண்டியின் உரிமைப் பத்திரத்தை) பார்த்து எழுதினால் இங்கேதான் தப்பாகும்.

3. இரண்டு ஆண்டுக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மானியம் வாங்கும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும் கணக்கை இன்றே எழுதத் தொடங்கலாம்.

டெரா விதிப்படி பழைய வண்டி கடந்த இரண்டு ஆண்டுகளாக உங்கள் பெயரில் இருந்து ஓடியிருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டும் ஆண்டுக்குக் குறைந்தது 7,000 மைல் ஓடியிருக்க வேண்டும். இன்னும் மூன்று ஆண்டாவது உழைக்கும் நிலையில் இருக்க வேண்டும். ஷெட்டில் நிற்கும் ஓடாத வண்டியைக் காட்டிப் பணம் வாங்க முடியாது என்பதற்காகவே இந்த விதிகள்.

இதை நிரூபிக்க என்னென்ன வேண்டும்? இரண்டு ஆண்டு ரெஜிஸ்ட்ரேஷன், இரண்டு ஆண்டு இன்ஷூரன்ஸ், டீசல் ரசீதுகள், ஆயில் மாற்றிய பில்கள். ஆயில் பில்லில் தேதியும் ஓடோமீட்டர் எண்ணும் இருப்பதால் மைல் கணக்குக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சில ஒர்க்‌ஷாப்களில் ஓடோமீட்டர் எண்ணை எழுதாமல் விட்டுவிடுவார்கள். அங்கேயே நின்று எழுதி வாங்குங்கள். டீசலுக்கு ஃப்ளீட் கார்டு (கம்பெனி வண்டிகளுக்கான எரிபொருள் அட்டை) ஒன்று எடுத்துவிட்டால் வண்டிவாரியாகக் கேலன் கணக்கு தானாகச் சேரும். காசு கொடுத்துப் போடுகிற டீசலுக்குக் கணக்கே நிற்காது.

நிறுத்தி வைத்து எஞ்சின் ஓடிய நேரத்தையும் கேட்பார்கள். சரக்கு இறக்கும்போது எஞ்சினை அணைக்காமல் விடும் பழக்கம் நம் டிரைவர்கள் பலருக்கு உண்டு. டீலரிடம் கொடுத்தால் எஞ்சின் கணினியிலிருந்து அந்த மணிக்கணக்கை அச்சிட்டுத் தருவார்கள். ஊகமாக எழுத வேண்டாம்.

4. பெயர் ஒன்றாக இருக்கட்டும்

தமிழர்களுக்கு இது தனித் தொல்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், லைசென்ஸில் இனிஷியல் இருக்கும், எல்எல்சி காகிதத்தில் பெயர் முன்பின்னாக இருக்கும். தொழில் தொடங்கிய காலத்தில் டிரக்கைச் சொந்தப் பெயரில் வாங்கியிருப்பீர்கள், கம்பெனியைப் பிறகுதான் பதிவு செய்திருப்பீர்கள். டைட்டில் ஒரு பெயரிலும் விண்ணப்பம் வேறு பெயரிலும் இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். டைட்டிலை மாற்றுவதற்கு முன் ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். இப்போது மாற்றினால் "இரண்டு ஆண்டு உங்கள் பெயரில்" என்ற கணக்கு புதிதாகத் தொடங்குமா என்பது அந்தந்த அழைப்பின் விதியைப் பொறுத்தது.

ஒரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டியவை:

- ஐ.ஆர்.எஸ். தந்த இ.ஐ.என். (கம்பெனியின் வரி அடையாள எண்) கடிதம், அதாவது சி.பி. 575. தொலைந்திருந்தால் போன் செய்து 147-சி கடிதம் கேளுங்கள்.
- கையெழுத்திட்ட டபிள்யூ-9 வரிப் படிவம்.
- டெக்சஸ் மாநிலச் செயலர் அலுவலகத்தின் கம்பெனிப் பதிவுச் சான்று. மாநில வரி அலுவலகமான கம்ப்ட்ரோலர் தளத்தில் ஃபிரான்சைஸ் டாக்ஸ் (மாநில வணிக வரி) நிலை நடப்பில் இருப்பதாகக் காட்டும் பக்கத்தின் அச்சு.
- டைட்டிலின் இரு பக்கங்கள். வண்டி மேல் கடன் இருந்து அடைத்திருந்தால் வங்கியின் விடுவிப்புக் கடிதம்.
- பள்ளி, நகராட்சி, மருத்துவமனை என எந்தப் பொது அமைப்புக்காவது சரக்குப் போடுகிறீர்கள் என்றால் அந்த ஒப்பந்தத்தின் நகல்.

கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தனியார் கம்பெனி என்றால் பொது அமைப்பு ஒன்றுடன் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று கேட்கும் அழைப்புகள் உண்டு. பள்ளி சமையலறைக்குக் காய்கறி போடும் சின்ன ஒப்பந்தம்கூட அங்கே கதவைத் திறக்கும்.

மத்திய அரசுப் பணம் என்றால் யு.இ.ஐ. என்ற, எழுத்தும் இலக்கமும் கலந்த 12 இட அடையாள எண்ணும் கேட்கலாம். சாம் (SAM.gov) என்ற அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். பணத்தை வேறொரு அமைப்பு வழியாகப் பெறுபவர்களுக்குப் பெரும்பாலும் எண் மட்டும் போதும், முழுப் பதிவு தேவையில்லை. முழுப் பதிவு என்றால் வாரக்கணக்கில் இழுக்கும், ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். "உங்கள் பதிவு காலாவதியாகிறது, 600 டாலர் கட்டுங்கள்" என்ற மாதிரி மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். அரசாங்கம் இதற்கு ஒரு காசும் வாங்குவதில்லை.

5. எந்தப் பணம், எவ்வளவு?

டெரா வழியில் வரும் அண்மைக்கால அழைப்புகளில் மின்சார வண்டிக்கு விலையில் 45% வரை, கலிஃபோர்னியா தரத்துக்குப் புகை குறைந்த எஞ்சினுக்கு 35% வரை, மற்ற புதிய எஞ்சின்களுக்கு 25% வரை கொடுத்திருக்கிறார்கள். மீதி உங்கள் கைப்பணம்.

டெக்சஸ் மாநிலத்தின் டெர்ப் திட்டத்தில் சிறு கம்பெனிகள் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். மாநிலச் சுற்றுச்சூழல் ஆணையம் நடத்துகிறது. அதற்குள் பல கிளைகள். 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டியைச் சிஎன்ஜி அல்லது புரொப்பேனுக்கு மாற்ற ஒன்று. பழைய டீசலை மாற்ற ஒன்று. சிறிய வண்டி வாங்குபவருக்குச் சிஎன்ஜி, புரொப்பேன் என்றால் 5,000 டாலர் வரையும் மின்சாரம் என்றால் 2,500 வரையும் தரும் ஒன்று. முந்தியவருக்கே முதலிடம் என்ற முறையில் தரும் கிளைகளில், அழைப்பு திறக்கும் நாளில் கோப்பு தயாராக இருந்தால்தான் வேலை நடக்கும். புதிய வண்டியைக் குறிப்பிட்ட கவுண்டிகளுக்குள் பல ஆண்டு ஓட்டுவதாக எழுதிக் கொடுக்க வேண்டிய கிளைகளும் உண்டு. மாதத்தில் பாதி நாள் ஒக்லஹோமாவுக்குச் சரக்கு போகும் வண்டிக்கு அது பொருந்தாது.

வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வணிக வண்டிக்கான பிரிவு 45-டபிள்யூ சலுகை, 2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்கும் வண்டிகளுக்குக் கிடையாது. சார்ஜருக்கான 30-சி, 2026 ஜூன் 30-க்குள் பயன்பாட்டுக்கு வந்தவற்றுக்கு மட்டும். அதிலும் சார்ஜர் வைக்கும் இடம் குறிப்பிட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வட்டங்களில் இருந்தால்தான். பழைய விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு இந்தச் சலுகையையும் சேர்த்து விலை சொல்லும் விற்பனையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

6. கட்டுப்படியாகுமா?

ஒரு கணக்கு. டிரக் ஆண்டுக்கு 15,000 மைல் ஓடுகிறது, கேலனுக்கு 8 மைல் தருகிறது என்று வையுங்கள். 1,875 கேலன். கேலன் மூன்றரை டாலர் என்றால் ஆண்டுக்குச் சுமார் 6,560 டாலர். அதே ஓட்டத்துக்கு மின்சார டிரக் மைலுக்கு ஒரு யூனிட் எடுத்தாலும், சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து 16,500 யூனிட். யூனிட் 12 சென்ட் என்றால் 1,980 டாலர். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,500 டாலர் மிச்சம், பராமரிப்புச் செலவு குறைவது தனி.

இப்போது மறுபக்கம். புது டிரக் 1,50,000 டாலர் என்றால் 45% மானியம் 67,500. உங்கள் பங்கு 82,500. அதே அளவு புது டீசல் டிரக் என்ன விலை என்று கேட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். நாலைந்து ஆண்டில் தீர்ந்தால் இறங்கலாம் என்பது என் கருத்து. பத்து ஆண்டு காட்டினால் புரொப்பேனையோ பயோடீசல் கலவையையோ யோசியுங்கள். ஒரு கேலன் புரொப்பேனில் பெட்ரோலைவிட சுமார் 27% சக்தி குறைவு, அதனால் கேலன் விலையை மட்டும் ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். பி-20 (20% வரை பயோடீசல் கலந்த டீசல்) என்றால் வண்டி மாற்ற வேண்டியதே இல்லை. எஞ்சின் கம்பெனியின் வாரண்டி அனுமதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆர்கோன் தேசிய ஆய்வகத்தின் ஏஃப்லீட் என்ற இலவசக் கணக்குத்தாள் இதையெல்லாம் விரிவாகப் போட்டுத் தரும். சொந்தமாக மல்லுக்கட்ட வேண்டாம், 3-ஆம் படியில் சேர்த்த எண்களோடு கூட்டணி அலுவலகத்தில் உட்கார்ந்து போடச் சொல்லுங்கள்.

7. மின் இணைப்பை வண்டிக்கு முன் பேசுங்கள்

டாலஸ் பகுதியின் பெரும்பகுதியில் மின் பில் அனுப்பும் கம்பெனி ஒன்று, கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் வைத்திருப்பது ஆன்கோர். சார்ஜருக்காகக் கூடுதல் மின்சுமை வேண்டுமென்றால் ஆன்கோரிடம்தான் விண்ணப்பம். பில் கம்பெனிக்கு போன் செய்தால் உங்கள் நேரம்தான் போகும். டிரான்ஸ்ஃபார்மர் மாற்ற வேண்டிவந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். டிரக் வந்து நின்று, சார்ஜ் ஏற்ற வழியில்லாமல் கிடப்பதைவிட எரிச்சல் வேறு இல்லை.

கிடங்கு வாடகைக்கு என்றால் லேண்ட்லார்டின் சம்மதம் எழுத்தில் வேண்டும். லீஸ் முடிந்து காலி செய்தால் சார்ஜர் யாருடையது என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லோரும் டிசி ஃபாஸ்ட் சார்ஜரைத்தான் விற்கப் பார்ப்பார்கள். பத்தாயிரக்கணக்கில் விலை. நம் கிடங்குகளில் பெரும்பாலும் வண்டி சாயங்காலம் வந்து காலையில்தான் கிளம்பும். 208 வோல்ட்டில் 48 ஆம்ப் சார்ஜர் மணிக்கு ஏறத்தாழ 10 யூனிட் ஏற்றும். பத்து மணி நேரத்தில் 100 யூனிட். நாளுக்கு 80 மைல் ஓடும் டிரக்குக்கு அது தாராளம். அதற்கு 60 ஆம்ப் பிரேக்கர் வேண்டும், பேனலில் இடம் இருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். மளிகைக் கிடங்கில் வாக்-இன் கூலர் ஏற்கெனவே பாதிச் சுமையை எடுத்துக்கொண்டிருக்கும். வணிக இணைப்பில் உச்ச சுமைக்கும் தனிக் கட்டணம் உண்டு என்பதால், கூலரும் சார்ஜரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடாதபடி நேரம் வைக்கும் வசதியுள்ள சார்ஜராக எடுங்கள்.

8. விண்ணப்பமும் காத்திருப்பும்

அழைப்பு வந்ததும் முழு விதிகளையும் படியுங்கள். நம் வட்டாரக் கவுன்சிலின் பணம் என்றால் அவர்களுடைய கிளீன் ஃப்ளீட் பாலிசியை உங்கள் கம்பெனி ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். தேவையில்லாமல் எஞ்சினை ஓடவிடுவதில்லை, ஒழுங்காகப் பராமரிப்போம், ஆண்டுதோறும் கணக்குக் கொடுப்போம் என்பது மாதிரியான உறுதிமொழிகள். அழைப்புக்காகக் காத்திருக்காமல் முன்பே கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள்.

விண்ணப்பம் போட்டு, தேர்வாகி, ஒப்பந்தம் வரை வரப் பல மாதம் ஆகும். ஓராண்டைத் தொட்டாலும் வியப்பில்லை. "தேர்வாகிவிட்டீர்கள்" என்று மின்னஞ்சல் வந்தவுடன் டீலர் அவசரப்படுத்துவார். அசையாதீர்கள். ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திடும் முன் போட்ட ஆர்டருக்கும் கொடுத்த அட்வான்ஸுக்கும் பணம் கிடைக்காது. எனக்குத் தெரிந்து இந்தத் திட்டங்களில் பணத்தைக் கோட்டைவிடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். குட்டேஷன் மட்டும் வாங்கி வையுங்கள்.

9. முழு விலையையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும்

பெரும்பாலான திட்டங்களில் நீங்கள் கட்டிய பிறகு திருப்பித் தருவார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் 67,500 டாலர் வரும் வரை 1,50,000-மும் உங்கள் பொறுப்பு. வங்கியிடம் ஒப்பந்த நகலைக் காட்டிக் குறுகிய காலக் கடன் பேசி வையுங்கள். அந்த வட்டியையும் செலவில் சேருங்கள். கலிஃபோர்னியாவில் இருக்கும் உறவினர் "டீலரே கழித்துக் கொடுத்தார்" என்று சொன்னால் அவர் சொல்வது எச்விஐபி வவுச்சர் திட்டம். அங்கே அப்படித்தான், இங்கே அப்படியில்லை. கிடைக்கும் மானியம் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படலாம் என்பதால் சிபிஏ-விடம் ஆண்டு முடிவதற்குள் பேசிவிடுங்கள்.

10. பழைய டிரக்கை விற்கக் கூடாது, உடைக்க வேண்டும்

பலருக்கு மனசு கேட்காத படி இதுதான். பழைய டீசல் வேறொருவர் கையில் தொடர்ந்து ஓடினால் புகை குறையாது என்பதால், அதை நிரந்தரமாக முடக்க வேண்டும் என்பது விதி. எஞ்சின் பிளாக்கில் மூன்று அங்குலத்துக்கு மூன்று அங்குலம் ஓட்டை போட வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் முழுசாக அறுக்க வேண்டும். புது வண்டி வந்த 90 நாளுக்குள் என்று டெரா சொல்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள கெடுவைப் பாருங்கள். டிரேட்-இன் கொடுத்து விலை குறைக்கலாம் என்று நினைத்திருந்தால் அந்தத் தொகையைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஸ்கிராப் யார்டைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வேலையைப் படத்தோடு செய்து, சான்றுக் கடிதமும் தருவார்களா என்று கேளுங்கள். அறுப்பதற்கு முன் வண்டியின் நான்கு பக்கம், வி.ஐ.என். (வண்டியின் அடையாள எண்) தகடு, எஞ்சின் லேபிள், ஓடோமீட்டர். அறுத்த பின் ஓட்டை, இரண்டு வெட்டுகள். வி.ஐ.என். எண்ணும் வெட்டும் ஒரே வண்டியுடையவை என்று படத்தில் புரிய வேண்டும். யார்டுக்காரர் அவசரத்தில் அறுத்துவிட்டு எஞ்சினை உருக்க அனுப்பிவிட்டால் படம் எடுக்க எதுவும் மிஞ்சாது. அன்றைக்கு நீங்களோ நம்பகமான ஒருவரோ அங்கேயே நில்லுங்கள்.

படங்கள், சான்றுக் கடிதம், டீலரின் பில், பணம் கட்டிய வங்கி ஆதாரம், புது வண்டியின் டைட்டில் விண்ணப்பம், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஒரு தாள் குறைந்தாலும் திருப்பி அனுப்புவார்கள், கெடு புதிதாக ஓடும். பணம் கைக்கு வந்த பிறகும் ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கும் காலம் வரை மைல் அறிக்கை அனுப்ப வேண்டியிருக்கும். அதற்கான தேதிகளைக் கையெழுத்திட்ட அன்றே போனின் நாள்காட்டியில் போட்டுவிடுங்கள், கோப்பை அறிக்கைக் காலம் முடிந்து குறைந்தது மூன்று ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள்.